குடத்துக்காரர் எங்கே பார்க்கிறார்?

ராத்திரி பதினொன்றரை மணி. தாமிரபரணிக் கரையில் ஏதோ ஓர் ஊர், சுடலைமாடன் கோயில் கொடை. சாமக்கொடைக்கு நேரம் நெருங்குகிறது. வில்லுப்பாட்டில் கதை, சாமி இறங்க வேண்டிய கட்டத்தைத் தொட்டுவிட்டது. இன்னும் நாலு வரி போனால் வரத்துப் பாட்டு. அது காதில் விழுந்ததும் சாமியாடிக்கு அருள் வர வேண்டும். ஆனால் உள்ளே சாமிக்குப் படைக்கிற படப்பு இன்னும் போட்டு முடியவில்லை. இலை பற்றவில்லையோ, கிடா வரத் தாமதமோ, என்ன கோளாறு என்று வெளியே தெரியாது. பூசாரி நிற்கிற பக்கத்திலிருந்து ஒரு பையன் ஓடிவந்து, முன்னால் பாடுகிறவர் காதில் குனிந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓடுகிறான்.

பாட்டு நிற்காது. முன்பாட்டுக்காரர் கதையை அப்படியே வேறு பாதையில் திருப்பிவிடுவார். சுடலை மலையாள தேசம் போன வழியில் இருந்த காடு வரும், சுனை வரும், அங்கே திரிந்த மிருகங்கள் ஒவ்வொன்றாக வரும். முன்வரிசையில் தூங்கி விழுகிற உள்ளூர்ப் பெரியவரைக் கிண்டல் செய்து ஒரு வசனம் வரும். நாலு வரியில் முடிய வேண்டியது கால் மணி நேரம் நீளும். உட்கார்ந்து கேட்கிற ஜனத்துக்கு இது எதுவும் தெரியாது. கதையே அப்படித்தான் என்று நினைத்துக்கொள்ளும்.

என் வியப்பெல்லாம் பக்கத்தில் இருக்கிற நாலு பேர் மேல்தான். குடம் அடிக்கிறவர், உடுக்கைக்காரர், ஜால்ரா போடுகிறவர், பின்பாட்டுப் பாடுகிறவர். அவர்கள் காதில் அந்தப் பையன் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டு தடம் மாறிய அடுத்த அடியிலேயே அவர்களும் மாறிவிட்டார்கள். ‘இந்த இடத்தில் இது வராதே’ என்று ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கூட்டாக வேலை செய்வது எப்படி என்று சொல்லிக்கொடுக்கக் கம்பெனிகள் இப்போது தனியாக வகுப்பு வைக்கின்றன. பலூன் ஊதச் சொல்வார்கள், கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கச் சொல்வார்கள், மத்தியானம் பிரியாணி போடுவார்கள். அப்படிச் சில வகுப்புகளில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். பிரியாணியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் திங்கட்கிழமை காலையில் ஆபீசுக்குப் போனால் பக்கத்து மேஜைக்காரர் பழையபடியே இருப்பார், நானும்தான். திருநெல்வேலிச் சீமையில் இருப்பவர்கள் இதைப் பார்த்துக்கொள்ள ஒரு கொடை ராத்திரி போதும் என்பது என் கட்சி.

கட்டிப் போட்ட கருவிகள்

வில்லுப்பாட்டு மேடை என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. ஒரு பந்தல், ஒரு ஜமுக்காளம். நடுவில் வில். பனை வைரத்தில் செய்வது பழைய வழக்கம். ஆள் உயரத்தைத் தாண்டிய நீளம். வில்லில் வரிசையாக மணிகள். வில்லின் நடுப்பகுதியை ஒரு மண்குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். குடம் வைக்கோல் புரிமணையில் உட்கார்ந்திருக்கும்.

முன்பாட்டுக்காரர் கையில் வீசுகோல். அதை நாணில் போட்டதும் நாண் அதிரும், மணி குலுங்கும், அதிர்வு குடத்துக்குள் இறங்கும். அவர் ஓங்கி அடித்தால் குடம் ஆடும். குடத்துக்காரர் அணைத்துப் பிடிக்காவிட்டால் வில் ஆடும். ஒருவர் செய்கிற தப்பு அடுத்த நொடியில் இன்னொருவர் கையில் போய்த் தெரியும். மறைக்க வழியே இல்லாத ஏற்பாடு. நம் ஆபீஸ்களில் ஒருவர் தப்பு அடுத்தவர் மேஜைக்குப் போய்ச் சேர மூன்று மாதம் ஆகும். ஆடிட் வந்தால்தான் சத்தம் கேட்கும்.

குடத்துக்காரருக்கு ஒரு கையில் மட்டை, இன்னொரு கையில் காசு. மட்டையால் குடத்தின் வாயில் அறைவார், காசால் கழுத்தில் தட்டுவார். ஆழமான சத்தம் ஒன்று, கணீரென்று ஒன்று. அவர் எங்கே பார்க்கிறார் என்று கவனித்தால் ஒரு விஷயம் பிடிபடும். ஜனத்தைப் பார்க்க மாட்டார். தன் கையையும் பார்க்க மாட்டார். வீசுகோல் எவ்வளவு உயரம் போகிறது என்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கோல் தோளுக்கு மேலே போனால் அடுத்த அடி பலமாக விழப் போகிறது. இடுப்பளவிலேயே நின்றால் வசனம் வரப் போகிறது, கையை அடக்க வேண்டும். தன் வேலை என்ன என்பதை அவர் அடுத்தவர் கையிலிருந்துதான் படித்துக்கொள்கிறார்.

என்னிடம் கேட்டால், கூட வேலை பார்ப்பது பற்றிச் சொல்ல வேண்டியதில் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடும். அடுத்த ஆளுக்கு இப்போது என்ன வேண்டும்? அது தெரிந்திருக்கிறதா, தெரிந்துகொள்ளப் பார்க்கிறோமா? ஒருவரை ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. ஒரே வேனில் வந்து, பேச்சுவார்த்தை இல்லாமல், ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, விடிய விடியப் பிசகாமல் வாசித்துவிட்டுப் போகிற ஆட்கள் உண்டு.

பின்பாட்டின் வேலை

பின்பாட்டை எல்லோரும் கொஞ்சம் இளக்காரமாகத்தான் நினைக்கிறார்கள். முன்னால் பாடுகிறவர் ஒரு வரியை விட்டதும் அதன் வாலைப் பிடித்துத் திரும்பப் பாடுகிறார், இதில் என்ன பெரிய வித்தை என்று தோன்றும்.

கொடை ராத்திரியில் பாடுகிற கதை நீளமானது. ஏடாகவோ நோட்டாகவோ பக்கத்தில் இருந்தாலும், அதைப் பார்த்துப் பார்த்துப் பாடினால் கதை செத்துப்போகும். மனதில் இருந்து வர வேண்டும். பின்பாட்டுக்காரர் திருப்பிப் பாடுகிற அந்த இரண்டு மூன்று வினாடியில்தான் முன்பாட்டுக்காரர் மூச்சு வாங்குகிறார். அடுத்த வரி வந்து சேருகிறது. சில சமயம் வராது. முகத்தில் அது தெரியும், சபைக்கு அல்ல, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும். நல்ல பின்பாட்டுக்காரர் அதே வரியை இன்னொரு தரம், ராகத்தை ஒரு பிடி நீட்டிப் பாடுவார். ரசித்துப் பாடுகிறார் என்று ஜனம் நினைக்கும். அதற்குள் வரி வந்துவிடும். மறுநாள் டீக்கடையில் உட்கார்ந்து, “நேத்து நாந்தான் காப்பாத்தி விட்டேன்” என்று அவர் சொல்லித் திரியவும் மாட்டார். சொன்னால் அடுத்த கொடைக்கு வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும்.

இன்னொரு வேலையும் உண்டு. வசனம் வரும்போது ‘ஆமா’ போட வேண்டும். கேள்வி கேட்க வேண்டும். “அதெப்படிண்ணே, ஒத்தை ராத்திரியில அம்புட்டுத் தூரம் போனாரு?” என்று பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும். ஜமுக்காளத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்கிற ஆச்சியின் மனசிலும் அதே கேள்விதான். சபை சார்பில் அதைக் கேட்டுவைக்கிறார். பதில் சொல்ல முன்பாட்டுக்காரருக்கு வாய்ப்பு. கதைக்கு ஒரு படி ஏற்றம்.

திருநெல்வேலியை அடுத்த சத்திரப்புதுக்குளத்தில் 1928-ல் பிறந்த சுப்பு ஆறுமுகம் இந்தக் கேள்வி பதிலை வைத்தே வில்லுப்பாட்டை நகரத்து மேடைக்குக் கொண்டுபோனார் என்று சொல்லலாம். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனோடு சென்னைக்குப் போனவர், அவருக்காக எழுதியவர். கோயில் வாசலில் விடிய விடிய ஓடிய கதையைச் சபாக்களிலும் ரேடியோவிலும் குறைந்த நேரத்துக்குள் சொல்ல வேண்டியிருந்தது. அங்கே கேட்கிறவர்களுக்குக் கதை முன்பே தெரியாது, சாமி வரப் போவதும் இல்லை. அப்போது பக்கத்தில் இருப்பவர் கேட்கிற கேள்விதான் வண்டியை இழுத்தது. 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2022 அக்டோபரில் காலமானார். அவருடைய பழைய நிகழ்ச்சிகள் கிடைத்தால், அவரை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவர்களை மட்டும் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள்.

நம் மீட்டிங்குகளில் இந்தக் கேள்விதான் இல்லை. மேலதிகாரி ஒரு தேதி சொல்வார். எல்லோரும் தலையாட்டுவார்கள். கதவைத் திறந்து வெளியே வந்ததும் டீக்கடையில் ஆரம்பிக்கும்.

“அண்ணாச்சி, வெள்ளிக்கிழமைக்குள்ள எப்படி முடியும்? மெட்டீரியலே வரலயே?”

“இத உள்ள வச்சே கேட்டிருக்கலாம்லாடே.”

“நீங்க கேப்பீங்கன்னு நெனச்சேன்.”

அண்ணாச்சியும் தம்பி கேட்பான் என்று நினைத்திருப்பார். வெள்ளிக்கிழமை வரும், வேலை முடிந்திருக்காது. உள்ளே வைத்துக் கேட்டிருந்தால் மேலதிகாரிக்கு ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை. கேட்கிற விதத்தில் கேட்டால் அவர் அதைப் பிடித்துக்கொண்டு மேலே பேசியிருப்பார். இதைச் சொல்கிறபோது, கேட்டால் கோபப்படுகிற மேலதிகாரிகளும் ஏராளம் என்பதை மறக்கவில்லை. முன்பாட்டுக்காரர் முறைத்தால் பின்பாட்டுக்காரர் எப்படிக் கேள்வி கேட்பார்? அந்தக் குழுவில் ‘ஆமா’ மட்டும்தான் மிஞ்சும்.

ஒரு சங்கடமான விஷயம் பாக்கி இருக்கிறது. பின்னால் பாடுகிறவர், முன்னால் பாடுகிறவரைவிட நன்றாகப் பாடுகிறவராக இருந்தால்? இருப்பார்கள். எந்த ஆபீசிலும் இருப்பார்கள். சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையிலேயே இருக்கிறது காருகுறிச்சி. அங்கே 1921-ல் பிறந்த அருணாசலம், நாகஸ்வரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தார். கற்றுக்கொண்டது வகுப்பில் உட்கார்ந்து மட்டுமல்ல; குருவோடு சேர்ந்து, இரண்டாவது நாகஸ்வரமாகக் கச்சேரிகளில் வாசித்தார். குரு ஒரு பிடியை விட்ட இடத்தில் எடுக்க வேண்டும், அதை மிஞ்சாமல் வைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மிஞ்சக்கூடிய கைக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். பிறகு தனிக் கச்சேரி வந்தது, பெயர் வந்தது. 1962-ல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு அவர் வாசித்ததைக் கேட்டிராத தமிழர் குறைவு. அதில் நாகஸ்வரம் எங்கெங்கே ஒதுங்கிக் குரலுக்கு இடம் விடுகிறது என்று ஒருமுறை கவனியுங்கள். 1964-ல், நாற்பத்து சொச்சம் வயதிலேயே போய்விட்டார்.

எல்லாத் திறமைசாலியும் இப்படிக் காத்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. சில இடங்களில் காத்திருப்பது வெறும் ஏமாளித்தனம். குரு தந்தால் காத்திருக்கலாம். தராத இடத்தில் வேறு வில் பார்த்துக்கொள்வதே நல்லது.

வேறு வேறு முதலாளிகள்

கொடையில் வில்லுக்காரர்கள் மட்டும் இல்லை. நையாண்டி மேளம் வேறு செட்; நாகஸ்வரம், தவில், பம்பை என்று அவர்கள் தனியாக வந்திருப்பார்கள். சுடலை கோயில் என்றால் பல ஊர்களில் கணியான் கூத்தும் இருக்கும். அதில் மகுடம் என்ற தோல்கருவி இரண்டு: ஒன்று உச்சம், ஒன்று மந்தம். மந்தம் தரையைப் பிடித்துக்கொண்டு நிற்க, உச்சம் மேலே ஏறி விளையாடும். தோல் தொய்ந்துபோனால் தீ மூட்டிக் காய்ச்சி எடுத்துவர வேண்டும். ஒருவர் காய்ச்சப் போன நேரத்தில் இன்னொருவர் ஒற்றை ஆளாக இழுத்துப் பிடிப்பார். இவர்களைத் தவிர பூசாரி, சாமியாடி, வரி வசூலித்த கொடைக் கமிட்டி. ஆளுக்கு ஒரு தலைவர். எல்லோருக்கும் மேலே ஒரு மேனேஜர் கிடையாது; சுடலையைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

ஆனாலும் மேளம் ஓய்ந்த கையோடு வில் ஆரம்பிக்கிறது. சாமியாடி ஆடத் தொடங்கியதும் வில் அடங்கி மேளம் எடுக்கிறது. எப்போது ஓய வேண்டும் என்பதை எல்லோரும் உள்ளே நடக்கிற பூசையைப் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள். எங்கே சண்டை வருகிறது என்றால், ஒரு செட் தன் திறமையைக் காட்ட நேரத்தை இழுக்கும்போது. மேளக்காரர் ஒரு உருப்படியை முடிக்காமல் நீட்டினால் வில்லுக்காரர் கோலைக் கீழே வைத்துவிட்டு வெற்றிலையை எடுப்பார். அந்த வெற்றிலைக்கு அர்த்தம் உண்டு.

ரோடு போட்ட மறுவாரமே பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டுவதை எந்த ஊரில் பார்த்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை, உங்கள் ஊரிலும் நடந்திருக்கும். ரோடு போட்டவர் நன்றாகவே போட்டிருப்பார். தோண்டியவரும் அளவு தவறாமல் தோண்டியிருப்பார். இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் பாராட்டுக் கடிதம்கூட வந்திருக்கலாம். அடுத்த செட் எப்போது எடுக்கப் போகிறது என்று இரண்டு பேரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பார்ப்பதற்கு முதலில் அங்கே யார் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். உலக சுகாதார நிறுவனம் ஆபரேஷன் தியேட்டர்களுக்கென்று 2008-ல் 19 அம்சங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. அதில் ஓர் அம்சம், கத்தி வைப்பதற்கு முன் அங்கே நிற்கிற அத்தனை பேரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்பது. டெல்லி உட்பட 8 நகரங்களில் 8 ஆஸ்பத்திரிகளில் பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிந்திய மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது என்று 2009-ல் முடிவு வெளியானது. பெயர் சொன்னதால் மட்டும் குறைந்தது என்று யாரும் சொல்லவில்லை. பஞ்சு எண்ணிக்கை, ஆன்டிபயாட்டிக் கொடுக்கும் நேரம் என்று பட்டியலில் வேறு சங்கதிகளும் உண்டு. ஆனால் பெயர் தெரிந்தவரிடம், “டாக்டர், ஒரு நிமிஷம்” என்று சொல்ல ஒரு நர்சுக்கு வாய் வரும். வில்லுப்பாட்டு மேடைகளில் குடம் இன்னார், உடுக்கை இன்னார் என்று மைக்கில் பெயர் சொல்லி வணங்கிவிட்டு ஆரம்பிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் ஆபீசில் ‘சார்’ உண்டு, ‘மேடம்’ உண்டு, ‘செக்‌ஷன்ல கேளுங்க’ உண்டு. காலையில் வந்து பெருக்கிவிட்டுப் போகிற அக்காவின் பெயரைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்குத் தெரியாது.

கண்ணுக்குத் தெரியாத கூட்டாளி

குடத்துக்காரருக்கு ஒரு வசதி இருக்கிறது. அவருடைய கூட்டாளி கைக்கெட்டுகிற தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். கூட்டாளி முப்பது மைலுக்கு அந்தப் பக்கம் இருந்தால்?

தாமிரபரணியில் மலையிலிருந்து இறங்கிய தண்ணீரைத் திருப்ப 8 அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து 11 கால்வாய்கள். மேலே கோடைமேலழகியான், கடைசியில் ஸ்ரீவைகுண்டம். ஸ்ரீவைகுண்டம் ஒன்றுதான் வெள்ளைக்காரர் காலத்துக் கட்டு. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. இந்தக் கால்வாய்களை நம்பி சுமார் 86,000 ஏக்கர். காரும் பிசானமும் இரண்டு பட்டம். பாபநாசம் அணையில் தண்ணீர் இருந்தால் கார் சாகுபடிக்கு ஜூன் மாதம் திறப்பார்கள். திறந்த தண்ணீர் அம்பாசமுத்திரத்துக்காரர் கண் முன்னால் போகும். ஸ்ரீவைகுண்டத்துக்காரர் அதைப் பார்க்கப் பல நாள் ஆகலாம். மேல்மடையில் ஒருவர் தன் வயல் நிரம்பிய பிறகும் மடையை அடைக்காமல் தூங்கிவிட்டால், கடைமடையில் யாருடைய நாற்று காய்ந்தது என்று அவருக்குத் தெரியப் போவதே இல்லை. அவர் கெட்டவர் இல்லை. கடைமடைக்காரரை அவர் பார்த்ததில்லை.

இதற்காகவே ஊர்கள் தண்ணீர் பாய்ச்ச ஓர் ஆளை வைத்து, அறுவடையில் நெல்லாகக் கூலி அளந்தன. தமிழ்நாட்டின் சில ஊர்களில் சொந்த நிலம் இல்லாதவரையே அந்த வேலைக்கு வைத்தார்கள். தன் வயல் என்று ஒன்று இருந்தால் கை அங்கேதான் போகும் என்ற கணக்கு. அந்த வேலை பெரும்பாலும் தலித்துகள் தோளில்தான் இருந்தது. எல்லோருக்கும் தண்ணீரை நியாயமாகப் பங்கிட்டவருக்கு ஊர் நியாயமாக நடந்துகொண்டதா என்று கேட்டால் பதில் சொல்லச் சங்கடமாக இருக்கும். பழைய ஏற்பாடுகளைப் புகழும்போது இதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

குடிமராமத்தும் அப்படி. கால்வாயைத் தூர்வார வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும் என்பது வழக்கம். அது தளரத் தொடங்கியதும், சென்னை மாகாணத்தில் 1858-ல் சட்டமே போட்டார்கள். சட்டத்தால் ஆளைக் கரைக்கு வரவழைக்கலாம். எவ்வளவு ஆழம் வெட்டுவான் என்பதை அவன்தான் தீர்மானிப்பான். 2017-ல் தமிழக அரசு அதே பெயரில் ஒரு திட்டம் கொண்டுவந்தது நினைவிருக்கலாம். பெயர் பழையது, பொக்லைன் புதியது.

நெல்லையப்பர் தேரோட்டத்திலும் இதே சிக்கல்தான். ஆனித் திருவிழாவின் ஒன்பதாம் நாள். முன்னால் வடம் பிடிக்கிறவர்களுக்கு, பின்னால் சக்கரத்துக்கு அடியில் தடி போடுகிறவர்களைத் தெரியாது. நடுவில் ஒரு பெரிய தேரே நிற்கிறது. தேர் முக்குத் திரும்பும்போது சறுக்குக் கட்டையைச் சக்கரத்தில் கொடுக்கிறவர் கையை எடுத்துவிட்டாரா என்று தெரியாமலே ஆயிரக்கணக்கானவர்கள் இழுக்கிறார்கள். முரசும் விசிலும் கைச் சைகையும்தான் இந்த இரண்டு கூட்டத்தையும் சேர்க்கின்றன. 2024-ல் வடம் அடுத்தடுத்து அறுந்ததே, அன்றைக்குக் கூட்டத்துக்கு உற்சாகத்தில் குறைச்சல் இல்லை. கயிறு தாங்கவில்லை. உற்சாகத்தை மட்டும் நம்பி இழுக்கச் சொல்கிற மேலதிகாரிகள் அந்த வீடியோவைப் பார்க்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத கூட்டாளி நம் எல்லோருக்கும் உண்டு. நைட் ஷிப்ட் முடித்துப் போகிறவருக்குக் காலை ஷிப்ட்காரர். மாற்றலாகிப் போகிற கிளார்க்குக்கு அந்த நாற்காலியில் அடுத்து வந்து உட்காரப் போகிறவர். மாற்றல் ஆணை வந்த அன்று சார்ஜ் லிஸ்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் விதிப்படி வேலை முடிந்தது. எந்தப் பைல் எதற்காக நிற்கிறது, எந்த மனுதாரர் மூன்று முறை வந்து போயிருக்கிறார் என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி மேஜை டிராயரில் வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அந்தத் தாள் எந்த விதியிலும் கிடையாது. அதைக் கண்டெடுக்கிறவர், எழுதியவரைப் பார்த்திருக்கவே மாட்டார்.

கூலி

கூட்டு வேலை பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கூலியைத் தொடுவதில்லை. அது நாசூக்காக இல்லை என்று நினைக்கிறார்களோ என்னவோ. விடியக்காலையில் கொடை முடிந்து, கருவிகளை வேனில் ஏற்றி, முதல் டீ குடிக்கும்போதுதான் ஒரு வில்லுக்குழு குழுவா இல்லையா என்று தெரியும். முன்பாட்டுக்காரருக்குப் பெரிய பங்கு. பெயர் அவருடையது, அட்வான்ஸ் வாங்கிப் பேசி முடித்தவர் அவர். இதில் யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது. மொத்தம் எவ்வளவு பேசினார் என்பதை மறைத்தால்தான் மனத்தாங்கல். அடுத்தது அன்பளிப்பு. பாட்டு நடுவே ஊர்க்காரர்கள் வந்து சட்டையில் நோட்டுக் குத்துவார்கள், மைக்கில் பெயர் சொல்லச் சொல்வார்கள். குத்துவது முன்பாட்டுக்காரர் சட்டையில். அது அவர் பைக்குள் போகிறதா, குடத்துக்காரருக்கும் வருகிறதா? வராத குழுவில் அடுத்த வருஷம் வேறு குடத்துக்காரர் இருப்பார்.

1908-ல் தூத்துக்குடி கோரல் ஆலையில் நடந்ததைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். தூத்துக்குடி 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. தாமிரபரணி கடலில் சேர்வதும் அந்தப் பக்கம்தான். ஆலை ஹார்வி கம்பெனிக்குச் சொந்தம். மேலே மலையடிவாரத்தில், ஆற்று நீரின் வேகத்தில் ஓடிய பாபநாசம் ஆலையும் அவர்களுடையதுதான். கோரல் ஆலையில் குறைந்த கூலி, நீண்ட வேலை நேரம், வாராந்தர விடுமுறை கிடையாது. பிப்ரவரி 27-ஆம் தேதி தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் முன்னே நின்றார்கள்.

ஒன்பது நாள். அன்றாடக் கூலியில் அடுப்பெரிகிற வீடுகளுக்கு ஒன்பது நாள் என்பது சாதாரணம் இல்லை. வ.உ.சி. பணம் திரட்டினார், ஊரில் இருந்தவர்கள் கொடுத்தார்கள். ஆலைக்குச் சம்பந்தமே இல்லாதவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வெள்ளைக்காரர் பக்கம் பேசிய ஒரு வக்கீலைப் பாதிச் சவரத்தோடு விட்டுவிட்டு எழுந்து போன சவரத் தொழிலாளியின் கதையைத் தூத்துக்குடியில் இன்றும் சொல்வார்கள். பாதி முகத்தோடு அந்த வக்கீல் வீடு போய்ச் சேர்ந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்று கேட்டதற்கு ஒப்புக்கொண்டார்கள். நாம் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு இந்தப் பத்திரிகையைப் புரட்டுகிற ஞாயிற்றுக்கிழமைக்கு இப்படி ஒரு கணக்குப் பாக்கி இருக்கிறது.

வேலைக்குத் திரும்பிச் சில நாள்கூட ஆகவில்லை. மார்ச் 12-ஆம் தேதி வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது, துப்பாக்கிச்சூடு நடந்தது. கோரல் ஆலைத் தொழிலாளர்கள் மறுபடியும் வெளியே வந்தார்கள். கேட்ட கூலி கிடைத்துவிட்டது, கேட்ட விடுமுறை கிடைத்துவிட்டது. தங்களுக்கென்று கேட்க அந்த வாரம் அவர்களிடம் எதுவும் இல்லை. வெளியே நிற்கிற நாளுக்குக் கூலி கிடையாது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.